பழுது பெட்டியில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தனியார் சிறு விமானங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். விமானத்தைத் தானாகவே ஓட்டும் பழைய ஆட்டோபைலட் கருவிகள் எப்போது வேண்டுமானாலும் காலை வாரிவிடும் என்றும், இருபது ஆண்டுகளைக் கடந்தவற்றைக் கட்டாயமாகக் கழற்றச் சட்டம் வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில், தென்னையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருப்பவன் நான். நானும் பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவரும் பாலக்காட்டு மருத்துவர் ஒருவரும் கூட்டாகச் சேர்ந்து, 1970-களின் இறுதியில் கட்டப்பட்ட ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கோவையில் நிறுத்திப் பதினோரு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். அதில் இருக்கும் ஆட்டோபைலட்டுக்கு முப்பது வயதுக்கு மேலாகிறது. அதனால் பட்ட பாடும் கற்ற பாடமும் கொஞ்சம் உண்டு என்பதால் இந்தக் கடிதத்தை எழுதத் துணிகிறேன்.

முதலில் ஒரு தவறான அச்சத்தை நீக்கிவிட வேண்டும். ஆட்டோபைலட் பழுதானால் விமானம் விழுந்துவிடும் என்ற தொனி கட்டுரை முழுவதும் ஓடுகிறது. பகலில், கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டு பறக்கும் தனியார் சிறு விமானத்துக்கு ஆட்டோபைலட் கட்டாயம் இருக்க வேண்டிய கருவியே அல்ல. அது நின்றுவிட்டால் விமானி கையால் ஓட்டுவார். ஓட்டத் தெரிந்த பிறகுதான் அவருக்கு உரிமமே கொடுத்திருக்கிறார்கள். அஞ்ச வேண்டியது, நின்றுபோன ஆட்டோபைலட்டுக்கு அல்ல, தப்பாக வேலை செய்துகொண்டே நிற்காமல் இருக்கும் ஆட்டோபைலட்டுக்குத்தான். அந்த ஆபத்து பழையதிலும் உண்டு, புதியதிலும் உண்டு.

ஆட்டோபைலட் என்றவுடன் எல்லோர் மனத்திலும் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை மட்டுமே. விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்ற செய்தியைப் பம்பரம் போலச் சுழலும் ஜைரோ கொண்டுவந்து கொடுக்கும். உயரம் கூடுகிறதா, குறைகிறதா என்பதை, உடம்பின் பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு துளை வழியாக வரும் காற்றழுத்தம் சொல்லும். கணக்குப்பிள்ளை கூட்டிக் கழித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால், வாலிலும் இறக்கைப் பக்கத்திலும் இருக்கும் சர்வோ மோட்டார்கள், விமானத்தைத் திருப்பும் கம்பிக் கேபிளை இழுத்து வேலையை முடிக்கும். செய்தி கொண்டு வருபவன் பொய் சொன்னாலும், இழுப்பவன் கை தளர்ந்தாலும், ஊரார் கண்ணில் படுவது கணக்குப்பிள்ளையின் தலைதான்.

எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் விமானம் மெல்ல மெல்லத் தலையைத் தூக்கித் தாழ்த்தத் தொடங்கியது. ஊஞ்சல் மாதிரி நூறடி மேலே, நூறடி கீழே. பின்னிருக்கையில் இருந்த என் மனைவி, இனி இந்த வண்டியில் ஏறுவதாக இருந்தால் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் கேட்ட பராமரிப்பு நிலையத்தில் கருவியின் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றார்கள். அதைக் கழற்றி, பொதிந்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, சுங்கத்தில் காத்திருந்து, திரும்பி வர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. வந்த பெட்டியோடு கட்டியிருந்த சீட்டில், குறை எதுவும் காணப்படவில்லை என்ற ஒரே வரி. பொருத்திப் பறந்து பார்த்தால் ஊஞ்சல் அப்படியே இருந்தது.

அதன் பிறகுதான், விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று சூலூர் அருகே வசிக்கும் முதியவர் ஒருவரைத் தேடிப் போனோம். அவர் ஒரு மஞ்சப்பையில் முறுக்கு அளவிடும் கருவியையும் டார்ச் லைட்டையும் போட்டுக்கொண்டு மொபெட்டில் வந்து சேர்ந்தார். முன்பக்கம் இருந்த கணக்குப் பெட்டியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வால் பக்கத்து மூடியைத் திறந்து, படுத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டார். சர்வோ மோட்டாரின் உருளையில் சுற்றி, விமானத்தின் பிரதான கேபிளோடு கவ்வி வைத்துப் பிணைத்திருக்கும் ஒரு மெல்லிய கேபிள் உண்டு. பிரைடில் கேபிள் என்பார்கள். கடிவாளம் என்றே தமிழில் சொல்லிவிடலாம். அதை ஒற்றை விரலால் அமுக்கியவர், "கடிவாளம் இப்படித் தொங்குனா குதிரை எப்படிங்க நேராப் போகும்?" என்று கேட்டார். மோட்டார் சுழலத் தொடங்கிய பிறகும் அந்தத் தொய்வு தீரும்வரை, மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டர் அசைவதில்லை, அசையத் தொடங்கும்போது தேவைக்கு மேல் அசைந்துவிடுகிறது, உடனே பெட்டி எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்கிறது, மறுபடியும் தொய்வு. நூறடி ஊஞ்சலின் கதை இவ்வளவுதான். கையேட்டில் சொன்ன அளவுக்கு இழுவையைச் சரிசெய்ய அவருக்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது.

இதில் இன்னொரு நுட்பத்தையும் அவர் விளக்கினார். விமானத்தின் உடல் அலுமினியம், கேபிள் எஃகு. வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும். ஆகவே சித்திரை வெயிலில் தகிக்கும் ஹேங்கர் என்ற விமானக் கொட்டகைக்குள் விறைப்பாக நிற்கும் பிரதான கேபிள், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போகும் மேல்காற்றில் சற்றுத் தளர்ந்துவிடும். கேபிள் இழுவைக்குக் கையேட்டில் ஒற்றை எண் இல்லாமல் வெப்பநிலை வாரியாக அட்டவணை இருப்பது இதனால்தான். அந்த அட்டவணையைப் பார்க்காமல் நடுப்பகலில் திருகிவிட்டுப் போனவர் யார் என்று நான் தேடவில்லை. ஆனால் தரையில் சோதித்தபோதெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்த கருவி மேலே போனவுடன் ஏன் ஆட்டம் காட்டியது என்பது அன்றுதான் விளங்கியது.

மற்ற தொல்லைகளும் இதே இனந்தான். ஒரு ஆண்டு, ஓணம் கழிந்த மழைக்குப் பிறகு, உயரம் பிடிக்கும் வேலை மீண்டும் தடுமாறியது. காற்றழுத்தம் வரும் குழாயின் தாழ்ந்த வளைவில் ஒரு கரண்டி அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தது. வடித்தோம், சரியாகிவிட்டது. இன்னொரு முறை அந்தத் துளையின் விளிம்பில் குளவி மண் அப்பத் தொடங்கியிருந்தது. கருவி தயார் என்று காட்டும் விளக்கு திடீர் திடீரென்று அணைந்ததற்குக் காரணம், கனெக்டரில் ஒரே ஒரு ஊசி அரை மில்லிமீட்டர் உள்ளே போயிருந்ததுதான். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்த அனுபவம் உள்ள எந்த விவசாயிக்கும் இது புதிதாக இருக்காது. மோட்டார் எரிந்துவிட்டது என்று நாம் கையில் தலையை வைத்து உட்கார்ந்திருப்போம். உள்ளே ஒரு பல்லி விழுந்து கிடக்கும்.

வயதால் தேயும் பகுதி ஒன்று உண்டு, அது ஜைரோ. இந்த இடத்தில் கட்டுரையாளர் எல்லாப் பழைய ஆட்டோபைலட்டுகளையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டார். எஸ்-டெக் வரிசைக் கருவிகளைப் போன்றவை, மின்சாரத்தில் சுழலும் டர்ன் கோஆர்டினேட்டரிடமிருந்து, விமானம் திரும்பும் வேகத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வேலை செய்பவை. கிங் நிறுவனத்தின் கே.எஃப்.சி. 150 போன்றவை, விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையே நேரடியாகக் கேட்பவை. அதைச் சொல்லும் கே.ஐ. 256 என்ற கருவி எஞ்சினோடு சுழலும் வேக்கம் பம்பின் உறிஞ்சலால் ஓடுவது. இரண்டாவது வகை மிக நயமாகப் பறக்கும். ஆனால் அந்த பம்பின் உள்ளே இருப்பவை கரித் தகடுகள். அவை தேய்ந்து உடையும்போது முன்கூட்டித் தந்தி அடிப்பதில்லை. பம்ப் நின்றால் ஜைரோ மெல்ல மெல்லத் தளர்ந்து சாய, அதை நம்பியிருக்கும் ஆட்டோபைலட்டும் விமானத்தைச் சாய்த்துக்கொண்டே போகும். மேகத்துக்குள் இது உயிராபத்து. ஆகவே இந்த வகை வைத்திருப்பவர்கள் பம்பை மணிக்கணக்கு பார்த்து மாற்றவும், உறிஞ்சல் அளவைக் காட்டும் சிறு கடிகாரத்தை அடிக்கடி கண்ணால் தடவிக்கொள்ளவும் வேண்டும். எங்களுடையது முதல் வகை. அதன் நயம் கொஞ்சம் குறைவுதான். முரட்டுக் காளை போலத் திரும்பும். இருந்தாலும் பம்ப் போனாலும் அது போகாது என்ற நிம்மதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜைரோவின் உடல்நிலையை அறிய ஒரு எளிய வழி உண்டு. தரையிறங்கி, எஞ்சினையும் மின்சாரத்தையும் நிறுத்தியவுடன் மற்ற எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள். நான் மட்டும் இரண்டு நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜைரோக்கள் சுழற்சி குறைந்து அடங்கும் ஒலி அப்போது கேட்கும். நல்ல ஜைரோ, தூங்கப் போகும் குழந்தை மாதிரி ஒரே சீராக அடங்கும். பேரிங் தேய்ந்தது, கரகரவென்று அரைத்துக்கொண்டு சீக்கிரமே நின்றுவிடும். எங்கள் ஜைரோ ஒன்று மாற்றப்பட வேண்டும் என்பதை எந்தச் சோதனை மேசையும் சொல்வதற்கு முன் இந்த இரண்டு நிமிடம் சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பதுதான் ஜைரோவுக்குப் பெரிய கேடு என்பதையும், அதனால் பறக்காமல் மூடி வைத்திருக்கும் விமானத்தின் கருவி, வாரந்தோறும் பறக்கும் விமானத்தின் கருவியைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் நான்கு நிமிடம் செலவிட்டுத் தரையிலேயே இதைச் சோதிக்க வேண்டும் என்பது கையேட்டில் உள்ள விதி. எத்தனை பேர் செய்கிறோம் என்பது வேறு பேச்சு. தயார் விளக்கு எரிந்த பிறகு கருவியை இயக்கி, திசைக் குறியை இடப்பக்கம் திருப்பினால் விமானி ஓட்டும் கைப்பிடி இடப்பக்கம் நகர வேண்டும், வலப்பக்கமும் அப்படியே. பிறகு கைப்பிடியை அழுத்திப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினால், சர்வோவின் கிளட்ச் வழுக்கிக்கொண்டு நம் கைக்கு வழிவிட வேண்டும். வழிவிடாவிட்டால் அன்றைக்குப் பறக்கக் கூடாது. கடைசியாக, கைப்பிடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கருவி உடனே விட்டு விலக வேண்டும். அந்தப் பொத்தான் வேலை செய்யாத நாளுக்காக, ஆட்டோபைலட்டின் சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் கைக்குத் தெரிய வேண்டும். நாங்கள் அதன் தலையில் ஒரு மஞ்சள் வளையம் மாட்டி வைத்திருக்கிறோம்.

டிரிம்மையும் (கைப்பிடியின் பளுவைக் குறைக்கும் திருத்தி) தானே திருப்பிக்கொள்ளும் வகைக் கருவிகளில் இன்னொரு பொறி உண்டு. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது, உதவி செய்வதாக நினைத்து விமானி கைப்பிடியைத் தள்ளினாலோ இழுத்தாலோ, கருவி அதை எதிர்த்து டிரிம்மை மறுபக்கம் ஓட்டிக்கொண்டே போகும். களைத்துப்போய்ப் பொத்தானை அழுத்தி விடுவிக்கும் நொடியில் விமானம் முழு பலத்தோடு தலையைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும். ஆட்டோபைலட் இருக்கும்போது கையை எடு, கையை வைத்தால் ஆட்டோபைலட்டை எடு. இரண்டும் சேர்ந்து ஓட்டக் கூடாது. இது வயதைப் பொறுத்த குறை அல்ல, கையேட்டைப் படிக்காத குறை.

இனி, எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் மேற்குக் காற்றைக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், பொள்ளாச்சி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தென்னை மட்டைகள் ஒரே பக்கம் சீவி விட்டதுபோல நிற்கும் காலம் அது. ஆனைமலையையும் பழனி மலையையும் தாண்டி வரும் அந்தக் காற்று, மலைக்குக் கிழக்கே கீழ்நோக்கிச் சரிகிறது. சென்ற ஆடியில் மருத்துவ நண்பரோடு கோவையிலிருந்து மதுரைக்கு 5,500 அடியில் போய்க்கொண்டிருந்தேன். உடுமலையைக் கடந்து பழனி மலையை வலப்பக்கம் வைத்துப் போகும்போது, உயரக் கடிகாரம் ஆணி அடித்தது போல நிற்க, வேகமானி 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) அளவிலிருந்து 110, 100, 92 என்று இறங்கிக்கொண்டே வந்தது. டிரிம்மை மேலே திருப்பச் சொல்லும் விளக்கும் எரிந்தது. நண்பர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உயரம் ஒரு இம்மியும் குறையலையே, அப்புறம் எதுக்கு முகம் மாறுது?" என்றார். உயரம் குறையாததுதான் சிக்கல். கீழே அமுக்கும் காற்றில் உயரத்தைக் காப்பாற்ற ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கித் தூக்கி, வேகத்தை விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு உயரம் தெரியும், வேகம் தெரியாது. எஞ்சினைக் கூட்டவும் அதற்குக் கை இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தி, மூக்கைத் தாழ்த்தி, நானூறு அடியைப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் கிழக்கே விலகினேன். அதன் பிறகு ஆடி முடியும்வரை மலையருகே உயரம் பிடிக்கும் பொத்தானைத் தொடுவதில்லை என்று மூவரும் எழுதி வைத்துக்கொண்டோம்.

நியாயமாகச் சொல்வதானால், இன்றைய டிஜிட்டல் கருவிகள் இந்த இடத்தில் எங்கள் கிழவனைவிட மேல். கார்மின் ஜி.எஃப்.சி. 500 போன்றவை வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தால் மூக்கைத் தாங்களே தாழ்த்தும். ஒரு பொத்தானை அழுத்தினால் தடுமாறிய விமானத்தை நிமிர்த்தி நேராக்கும். பணமும் அனுமதியும் இருப்பவர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும். நடுவழியும் ஒன்று உண்டு: கே.ஐ. 256 இருந்த துளையிலேயே கார்மின் ஜி.ஐ. 275 என்ற மின்னணுக் கருவியைப் பொருத்தி, வேக்கம் ஜைரோவின் தொல்லையை ஒழித்து, பழைய ஆட்டோபைலட்டையே தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு விமான மாடலுக்கும் தனித்தனியே ஒப்புதல் உள்ள கருவியைத்தான் பொருத்த முடியும். வெளிநாட்டு ஒப்புதலை நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் ஏற்க வேண்டும். எங்கள் மாடலுக்கு ஒப்புதல் இருந்தும், கருவி, பொருத்துக்கூலி, விமானம் தரையில் நிற்கும் மாதங்கள் என்று கணக்குப் போட்டபோது, வியாபாரி நண்பர் கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டுத் தேநீர் சொன்னார். நாளைக்கே புதியது வந்தாலும், அந்தப் புதிய பெட்டியும் அதே வாலுக்குள் ஒரு சர்வோவையும் ஒரு கடிவாளத்தையும் வைத்துத்தான் இழுக்கப் போகிறது.

கட்டுரையாளர் 1914 ஜூன் 18 அன்று பாரிஸ் அருகே, சேன் நதியின் மீது, ஆட்டோபைலட்டை உலகுக்கு முதலில் காட்டிய லாரன்ஸ் ஸ்பெரி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டே பறந்ததை அழகாக எழுதியிருக்கிறார். அதில் ஒருவரை விட்டுவிட்டார். ஸ்பெரியின் மெக்கானிக்கான எமில் காஷென், அந்த நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்து இறக்கையின் மேல் நடந்துகொண்டிருந்தார். அவர் எடையால் சாய்ந்த விமானத்தை ஜைரோ நிமிர்த்திக் காட்டியதில்தான் அந்தச் சாதனையே இருந்தது.

என் மனக்குறையும் அந்த மெக்கானிக்கைப் பற்றியதுதான்; விதி கேட்பவர்களும் அவர் வேலையை மறந்துவிடுகிறார்கள். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடப்புக்கு வந்திருக்கிறது. பறக்கும் தகுதிக்கான ஆய்வு ஏற்கெனவே ஆண்டுதோறும் நடக்கிறது. வயதை மட்டும் பார்த்துக் கழற்றச் சொல்லும் இன்னொரு விதி வந்தால், நல்ல நிலையில் உள்ள கருவி குப்பைக்குப் போகும். கடிவாளம் தொங்கும் பத்து வயதுக் கருவி பறந்துகொண்டிருக்கும். விதி எழுத வேண்டுமானால், கிளட்ச் வழுக்கும் அளவும், கேபிள் இழுவையும், காற்றழுத்தக் குழாயின் கசிவும் ஆண்டு ஆய்வில் அளக்கப்பட்டு, அந்த எண்கள் லாக்புக்கில் எழுதப்பட வேண்டும் என்று எழுதட்டும். எங்கள் லாக்புக்கில் பழைய பக்கங்களைப் புரட்டினால், "ஆட்டோபைலட் சோதிக்கப்பட்டது, சரி" என்ற வரியே ஆண்டுக்கு ஆண்டு வருகிறது. எந்த எண்ணும் இல்லை. இப்போது நாங்கள் எண்ணோடு எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம். முதல் முறை கேட்டபோது எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

அதோடு, ஜைரோவையும் சர்வோவையும் மேசையில் வைத்துப் பிரித்துச் சரிபார்த்து, உரிய சான்றோடு திருப்பிக் கொடுக்கக்கூடிய பட்டறை ஒன்று கோவையிலோ பாலக்காட்டிலோ வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். பம்ப்செட்டும் பஞ்சாலை இயந்திரமும் செய்து பழகிய கைகள் நிறைந்த ஊர் கோவை. ஐந்து மாதம் கடல் தாண்டிப் போய்வந்த எங்கள் பெட்டிக்கு ஆன செலவை நினைத்தால், அதில் பாதியை அங்கே கொடுக்க நாங்கள் தயங்க மாட்டோம். சூலூர் முதியவருக்கு எழுபத்து மூன்று வயது. வாலுக்குள் படுத்து எழ அவருக்கு இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. சென்ற முறை அவர் வெளியே நின்று சொல்லச் சொல்ல நான்தான் உள்ளே கையை விட்டேன்.

நாங்கள் மாற்றிவிட்ட பழைய சர்வோ ஒன்று, கிளட்சும் உருளையும் கேபிளும் பிரிக்கக்கூடிய நிலையில், என் வீட்டுத் திண்ணையில் ஒரு தேங்காய்க் கூடைக்குள் இருக்கிறது. எல்லைக்கு இரு பக்கமும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்து ஆசிரியர்கள் யாரேனும் மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால், தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவித்தால் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். திருப்பித் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.